டோக்கியோவில் பொம்மையோடு ஒரு காபி

நிஹோன்பாஷியில் 2021 முதல் இயங்கும் டான் கஃபே. மேசையில் ஒரு சாண் உயர வெள்ளைப் பொம்மை: ஒரிஹிமே. நெற்றியில் கேமரா. வீட்டை விட்டு வரமுடியாத மாற்றுத்திறனாளிகள் இணையம் வழியே அதை இயக்கி நம்மோடு பேசுகிறார்கள். இவர்களுக்கு ‘பைலட்’ என்று பெயர். கண்ணசைவாலேயே இயக்குபவர்களும் உண்டு.

அது கையை ஆட்டியதும் என் மனைவி கும்பிட்டுவிட்டாள்! ஐந்தே நிமிடத்தில் பொம்மை என்பதே மறந்து, மழை, இட்லி என்று பேச்சு ஓடியது. அப்புறம் 120 செ.மீ. உயர ரோபோ ஒன்று தட்டோடு வந்தது. சட்டென்று காலை மடக்கி, “சாரிங்க” என்றேன். தமிழில்தான்.

சாப்பிட்டது என்ன என்று நினைவில்லை. ஆங்கிலம் பேசும் பைலட் வேண்டுமென்றால் முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.