டெக்சஸில் பழைய கார் வாங்குகிறீர்களா? கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்

டாலஸ் பக்கம் பழைய கார் எடுக்கப் போகிறவர்கள், அதிலும் ஊரிலிருந்து புதிதாக வந்து கிரெடிட் ஹிஸ்டரி (கடன் வாங்கிக் கட்டிய பதிவு) இல்லாதவர்கள், ஐந்து நிமிடம் ஒதுக்கி, காரோடு தலையில் கட்டும் "எக்ஸ்டெண்டட் வாரண்டி" பற்றிய இதைப் படித்துவிடுங்கள்.

போன வருடம் ஜனவரியில் ஒரு டீலரிடம் ஏழு வருடப் பழைய மினிவேன் ஒன்றை எடுத்தோம். விலை பேசி முடிக்கவே இருட்டிவிட்டது. அதற்குப் பிறகுதான் ஃபைனான்ஸ் அறையில் உட்கார வைத்தார்கள். நீட்டிய காகிதக் கட்டுக்குள் 3,120 டாலருக்கு ஒரு தாள். இது என்ன என்று கேட்டேன். "எக்ஸ்டெண்டட் வாரண்டி, நாலு வருடத்துக்கு. இது இல்லாமல் பேங்க் லோன் கொடுக்காது" என்றார் அந்த அறையில் இருந்தவர். குழந்தை மடியில் அழுதுகொண்டிருந்தது. "வேற வழியில்லன்னா போட்டுடுங்க, பிள்ளை தூங்கணும்" என்றாள் மனைவி. போட்டேன். 3,120 டாலரும் லோனோடு சேர்ந்து, அதற்கும் வட்டி ஓட ஆரம்பித்தது.

அவர் சொன்ன இரண்டுமே பொய். முதலாவது, அது வாரண்டியே இல்லை. வாரண்டி என்பது பொருளின் விலையோடு சேர்ந்து வருவது. தனியாகக் காசு கொடுத்து வாங்குவது சர்வீஸ் காண்ட்ராக்ட். 1975-ல் வந்த மேக்னசன்-மாஸ் என்ற அமெரிக்க வாரண்டிச் சட்டத்திலேயே இந்த வேறுபாடு இருக்கிறது. இரண்டாவது, இதை வாங்கினால்தான் லோன், இதை வாங்கினால்தான் கார் என்று நிபந்தனை போடவே கூடாது. டெக்சஸ் மாநிலச் சட்டத் தொகுப்பான ஆக்குபேஷன்ஸ் கோடின் 1304-ம் அத்தியாயம் அதைத் தடுக்கிறது. அன்று இது தெரியாததற்கு நான் கொடுத்த விலை பெரிது.

பன்னிரண்டாவது மாதம் டிரான்ஸ்மிஷன் (கியர் பெட்டி) உதற ஆரம்பித்தது. காண்ட்ராக்டில் டிரான்ஸ்மிஷன் உண்டு என்ற தைரியத்தில் மெக்கானிக்கிடம் விட்டேன். பிரித்துப் பார்த்தால்தான் முடிவு சொல்வோம் என்றது கிளெய்ம் பார்க்கும் கம்பெனி. பிரிக்கிற கூலி 640 டாலர், கிளெய்ம் தள்ளுபடியானால் அது என் தலையில். தள்ளுபடிதான் ஆனது. பராமரிப்பு ரசீதுகள் இல்லையாம். ஆயில் மாற்றுவதெல்லாம் வீட்டு வாசலில் என் கையாலேயே செய்கிறவன் நான், ரசீதுக்கு எங்கே போவது? அந்த விதி ஒன்பதாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. வாங்கிய அன்று யாரும் அதைத் தொட்டுக்கூடக் காட்டவில்லை.

சரி, காண்ட்ராக்டையாவது ரத்து செய்வோம் என்று போனேன். "முப்பது நாள் தாண்டினால் ரீஃபண்ட் கிடையாது" என்றார் டீலர். கிளெய்ம் கம்பெனியோ டீலரிடமே கேளுங்கள் என்றது. மூன்று வாரம் பந்து மாதிரி உதைபட்டேன். கடைசியில் ஒரு ராத்திரி உட்கார்ந்து சட்டத்தை நானே படித்தேன். டெக்சஸில் இந்தக் காண்ட்ராக்டை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். வாங்கியதிலிருந்து 31-வது நாளுக்கு முன் செய்தால், கிளெய்முக்குக் கொடுத்தது போக முழுப் பணமும் வர வேண்டும், கட்டணம் எதுவும் பிடிக்கக் கூடாது. அதற்குப் பிறகு செய்தால் மிச்சமுள்ள காலத்துக்கான பங்கு வர வேண்டும், ரத்துக் கட்டணம் 50 டாலருக்கு மேல் போகக் கூடாது. ரத்து செய்ததிலிருந்து 46-வது நாளுக்கு முன் பணம் வராவிட்டால், பாக்கித் தொகைக்கு மாதம் 10 சதவீதம் அபராதம்.

யாருக்கு எழுதுவது என்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். விற்றவர் ஒருவர், கிளெய்ம் பார்க்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் ஒருவர், சட்டப்படி பொறுப்பேற்ற புரொவைடர் வேறொருவர். புரொவைடரின் பெயரும் முகவரியும் காண்ட்ராக்டிலேயே இருக்கும். டெக்சஸில் அவர்கள் டிடிஎல்ஆர் என்கிற மாநில உரிமத் துறையில் பதிந்திருக்க வேண்டும். வாங்கும் முன்பே அந்தத் துறையின் தளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பதின்மூன்று மாதம் முடிந்த அன்று புரொவைடருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போட்டேன், நகலை டீலருக்கும் அட்மினிஸ்ட்ரேட்டருக்கும் அனுப்பினேன். 39 நாள் சத்தமே இல்லை. டிடிஎல்ஆரில் புகார் பதிந்தேன். 44-வது நாள் 2,225 டாலர் வந்தது. மாதத்துக்கு 65 வீதம் மிச்சமிருந்த 35 மாதம், அதில் 50 கழித்து. என் கைக்கு வரவில்லை, லோன் கொடுத்த பேங்குக்குப் போனது. மாதத் தவணை குறையாது, அசல்தான் குறையும். இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கார் வாங்கிய மறு வாரத்திலிருந்து "உங்கள் வாரண்டி முடியப் போகிறது" என்று போன் வந்தபடி இருக்கும். இப்படிக் கோடிக்கணக்கில் போன் போட்ட ஒரு கும்பலுக்கு 2023 ஆகஸ்டில் எஃப்சிசி என்கிற அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் கிட்டத்தட்ட 30 கோடி டாலர் அபராதம் போட்டது. ஆனாலும் எனக்கு இன்னும் வருகிறது. போனில் கார்டு நம்பர் சொல்லவே சொல்லாதீர்கள்.

பிரித்த கூலி 640 டாலர் போனது போனதுதான். டிரான்ஸ்மிஷனைக் கைக்காசு போட்டு மாற்றினேன். "இது இல்லாமல் லோன் கிடைக்காது" என்று சொன்னவர் அதே அறையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அங்கே போகிறவர்கள், அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும்படி அவரிடம் கேளுங்கள்.