டிவிடிக்குள் மறைந்திருக்கும் கூடுதல் காட்சிகள்: ரிமோட்டா, விஎல்சியா, மேக்எம்கேவியா?

அட்டையில் 'நீக்கப்பட்ட காட்சிகள்' என்று அச்சிட்டிருக்கும். டிஸ்க்கைப் போட்டு மெனுவை நாலு சுற்று சுற்றினாலும் கண்ணில் படாது. இன்னும் சில டிஸ்க்குகளில் அட்டையிலும் இருக்காது, மெனுவிலும் இருக்காது, ஆனால் உள்ளே இருக்கும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: டிவிடியில் காட்சி வேறு, காட்சிக்குப் போகும் வழி வேறு.

கம்ப்யூட்டரில் டிஸ்க்கைத் திறந்தால் 'வீடியோ டிஎஸ்' என்ற ஃபோல்டர் தெரியும். அதில் விஓபி என்று முடியும் ஃபைல்களில் படமும் ஒலியும் இருக்கும். ஐஎஃப்ஓ என்று முடிபவை வழிகாட்டி: எது எங்கே இருக்கிறது, எந்தப் பட்டனை அமுக்கினால் எங்கே போக வேண்டும் என்பதெல்லாம் அதில்தான். பியுபி அந்த வழிகாட்டியின் மாற்றுப் பிரதி. ஒரு விஓபி 1 ஜிபியைத் தாண்டாது. அதனால் ஒரே படம் நாலைந்து துண்டுகளாகக் கிடக்கும். முழுப் படம், டிரெய்லர், பேட்டி, நீக்கிய காட்சி எல்லாம் தனித்தனி 'டைட்டில்'. ஒரு டிஸ்க்கில் அதிகபட்சம் 99 டைட்டில் வைக்கலாம். மெனு என்பது இவற்றுக்குப் போகும் வாசல். வாசலே வைக்காமல் ஒரு டைட்டிலை உள்ளே விட்டுவிடலாம். வாசலை வைத்துவிட்டுக் கண்ணுக்குத் தெரியாமலும் ஆக்கலாம்.

பிளேயரும் ரிமோட்டும் பெரும்பாலும் வாசல் வழியாக மட்டுமே போகும். கம்ப்யூட்டரில் வீடியோ ஓட்டும் மென்பொருளான விஎல்சி வாசல் வழியாகவும் போகும், சுவர் ஏறியும் குதிக்கும். டிஸ்க்கில் இருப்பதைக் கம்ப்யூட்டர் ஃபைலாக மாற்றும் மேக்எம்கேவியும் ஹேண்ட்பிரேக்கும் வாசலையே பார்ப்பதில்லை, உள்ளே இருக்கும் டைட்டில்களை மட்டும் எண்ணும். எதுவும் விட்டுப்போகக் கூடாது என்றால், மேக்எம்கேவியில் பட்டியல் எடுத்து, விஎல்சியில் சரிபார்த்து, டிவி முன்னால் ரிமோட்டோடு உட்கார்வதுதான் சரியான வரிசை. ஒன்றுக்குத்தான் இடம் என்றால் எங்கள் வாக்கு விஎல்சிக்கு.

ரிமோட்: மெதுவான வழி, சில விஷயங்களுக்கு ஒரே வழி

ஒரு மெனுப் பக்கத்தில் 36 பட்டன்கள் வரை வைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு; மேலே, கீழே, இடம், வலம் அமுக்கினால் அடுத்து எந்தப் பட்டனுக்குப் போக வேண்டும் என்ற குறிப்பும் உண்டு. பட்டன் மேல் விழும் நிறத்தை முழுக்க ஒளி ஊடுருவுவதாக வைத்துவிட்டால் அது மறைவுப் பட்டன். ஆகவே தேடும்போது கவனிக்க வேண்டியது ஒன்றே: அம்புக்குறியை அமுக்கியதும் தேர்வு நிறம் எங்கேயும் தெரியாமல் மறைந்துவிட்டதா? மறைந்தால் நீங்கள் ஒரு மறைவுப் பட்டன் மேல் நிற்கிறீர்கள். இடத்தை விட்டு நகராமல் ஓகே அமுக்குங்கள்.

2002-ல் வந்த 'தி ஃபெல்லோஷிப் ஆஃப் தி ரிங்' நீட்டிப்புப் பதிப்பின் முதல் டிஸ்க் நல்ல உதாரணம். காட்சித் தேர்வு மெனுவின் கடைசிப் பக்கத்தில் 27-ஆவது காட்சி, எல்ராண்டின் அவை. அதன் மேல் நின்று கீழ் அம்பை அமுக்கினால் ஒரு மோதிரம் தெரியும்; ஓகே கொடுத்தால் எம்டிவி விருது விழாவுக்காக எடுத்த நையாண்டித் துண்டு ஓடும். அதற்குக் கீழே இன்னொரு பட்டன் இருக்கும் என்று யாருக்கும் தோன்றாது, ஒளித்தவர்கள் நம்பியது அதைத்தான்.

எண் விசைகளாலும் ஒளிப்பார்கள். 2000-ல் வந்த 'டெர்மினேட்டர் 2' அல்டிமேட் பதிப்பில் சிறப்புப் பதிப்பு மெனுவுக்குப் போய் 8, 2, 9, 9, 7 என்று அமுக்கினால் படத்தின் இன்னும் நீண்ட வடிவம் திறக்கும். படத்தில் வரும் பேரழிவு நாள் 1997 ஆகஸ்ட் 29 என்பதுதான் அந்த எண். இங்கே வேகம் முக்கியம். பல டிஸ்க்குகளில் மெனுவின் பின்னணி ஒரு சுற்று முடிந்து மறுபடி தொடங்கும்போது எல்லாம் முதல் நிலைக்குத் திரும்பிவிடும். நிதானமாக ஒவ்வொரு எண்ணாகத் தேடி அமுக்கினால் வேலை நடக்காது. பின்னணி இசை புதிதாகத் தொடங்கும் நேரம் பார்த்து ஆரம்பியுங்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு: கம்ப்யூட்டர் பிளேயர்களில் கீபோர்டின் எண்கள் மெனுவுக்குப் போய்ச் சேரும் என்று நம்ப முடியாது. எண் புதிருக்கு உண்மையான ரிமோட்டே மேல்.

ரிமோட்டின் பெரிய தொல்லை, திரையின் ஓரத்தில் வரும் தடைக் குறி. 'இந்த இடத்தில் இந்த விசை கூடாது' என்று டிஸ்க்கைத் தயாரித்தவர் எழுதி வைத்திருக்கிறார், பிளேயர் கீழ்ப்படிகிறது. அவ்வளவுதான், பிளேயரில் கோளாறு இல்லை. ஸ்டாப்பை இரண்டு முறை அமுக்கிப் பிளே கொடுத்தால் சில பிளேயர்கள் முன்னோட்டங்களைத் தாண்டிவிடும். சர்ச் அல்லது கோ-டூ விசையில் டைட்டில் எண்ணைத் தட்டிப் போவதும் உண்டு. டிஸ்க் அனுமதித்தால் மட்டுமே.

விஎல்சி: சுவர் ஏறிக் குதிக்கும் வழி

விண்டோஸ் 8 முதலே விண்டோஸ் மீடியா பிளேயர் டிவிடியை ஓட்டுவதில்லை. விஎல்சி இலவசம். திறந்து கன்ட்ரோல்-டி (D) அமுக்குங்கள். டிஸ்க் திறக்கும் பெட்டியில் டிவிடி என்பதைத் தேர்ந்து பிளே. மெனு வந்ததும் மவுஸை மெனுப் படத்தின் மேல் மெதுவாக ஓட்டிப் பாருங்கள், குறிப்பாக எழுத்தே இல்லாத மூலைகளில். ரிமோட்டில் இருபது முறை அமுக்கித் தேடுவதை இங்கே பத்து நொடியில் முடித்துவிடலாம்.

அடுத்தது பிளேபேக் மெனுவில் டைட்டில். வரிசையாக எண்கள் இருக்கும், ஒவ்வொன்றாகச் சொடுக்குங்கள். ஷிஃப்ட்-பி (B) அடுத்த டைட்டில், ஷிஃப்ட்-ஓ முந்தையது, ஷிஃப்ட்-எம் மெனுவுக்குத் திரும்ப. தயாரிப்பாளர் போட்ட விசைத் தடைகளை விஎல்சி பொருட்படுத்தாது. நாங்கள் இதை முதலில் வைப்பதற்கு இதுவே போதும். ஆடியோ மெனுவையும் விடாதீர்கள்: இயக்குநரின் விளக்க உரை மெனுவில் இல்லாமல் மூன்றாவது ஒலித்தடமாக மட்டும் இருப்பதுண்டு. ஒரு டைட்டிலில் 8 ஒலித்தடம், 32 சப்டைட்டில் தடம் வரை போகலாம்.

குறைகள்: சில மெனுக்களில் விஎல்சி அப்படியே உறைந்துவிடும். அப்போது டிஸ்க் திறக்கும் பெட்டியில் 'மெனு வேண்டாம்' என்ற கட்டத்தை டிக் செய்து, டைட்டில் எண்ணை நேரடியாகக் கொடுங்கள். புகைப்படத் தொகுப்புகள் இதில் சரியாக வராது. ஒவ்வொரு படமும் 'அடுத்த விசை வரும்வரை நில்' என்ற கட்டளையோடு இருப்பதால் ஒன்று நின்றே போகும் அல்லது கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். அவற்றுக்கு ரிமோட்டின் நெக்ஸ்ட் விசைதான். பேட்டிகளில் கை அசையும்போது சீப்புப் பல் மாதிரி கோடுகள் விழுந்தால் டிஸ்க்கைக் குறை சொல்ல வேண்டாம். கூடுதல் காட்சிகள் பலவும் வீடியோ கேமராவில், படத்தை ஒன்றுவிட்டு ஒன்றான வரிகளாகப் பிரிக்கும் இன்டர்லேஸ் முறையில் எடுத்தவை. டி (D) விசையை ஒருமுறை அமுக்கினால் கோடுகள் போய்விடும்.

உபுண்டு லினக்ஸில் டிஸ்க் திறக்காவிட்டால் லிப்-டிவிடி-பிகேஜி (libdvd-pkg) என்ற தொகுப்பை நிறுவி, பிறகு அதை டிபிகேஜி-ரீகான்ஃபிகர் (dpkg-reconfigure) கட்டளையால் ஒருமுறை ஓட்ட வேண்டும். இரண்டாவது படியை மறப்பவர்கள்தான் அதிகம். டிஸ்க் உலகின் எந்தப் பகுதிக்கானது என்று சொல்லும் பிராந்திய எண்ணிலும் கவனம் தேவை: இந்தியா 5, அமெரிக்கா 1. கம்ப்யூட்டர் டிரைவின் பிராந்தியத்தை 5 முறைதான் மாற்ற முடியும். அதன் பிறகு கடைசியாக வைத்ததிலேயே பூட்டிக்கொள்ளும். விஎல்சி பல நேரம் பிராந்தியம் பொருந்தாமலேயே படித்துவிடும், சில லேப்டாப் டிரைவ்கள் மட்டும் ஒத்துழைக்காது. அமெரிக்க டிஸ்க்குகள் நிறைய வைத்திருப்பவர் பழைய யுஎஸ்பி டிரைவ் ஒன்றை 1-க்கென்றே ஒதுக்கிவிடுவது நல்லது. அதை ஹப்பில் செருகாதீர்கள், லேப்டாப்பில் நேரடியாகச் செருகுங்கள். மின்சாரம் போதாமல் டிஸ்க் சுழன்று சுழன்று நிற்பதைப் பலர் டிஸ்க் பழுது என்று எண்ணிவிடுகிறார்கள்.

மேக்எம்கேவி: கணக்கெடுப்பு

எல்லா டைட்டில்களும் நீளம், சாப்டர் எண்ணிக்கை, அளவு சகிதம் ஒரே பட்டியலில் வந்துவிடும். 2 மணி 20 நிமிடப் படத்துக்குக் கீழே 4 நிமிடம், 11 நிமிடம், 3 நிமிடம் என்று வரிசை கட்டும்போதே உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரிந்துவிடும். படத்தின் நீளத்திலேயே இரண்டு டைட்டில், ஆனால் ஒன்று சில நிமிடம் அதிகம் என்றால் அது படத்தின் இன்னொரு வடிவம், கட்டாயம் பாருங்கள்.

ஆனால் நிறுவியவுடன் உள்ள அமைப்பில் ஒரு பொறி இருக்கிறது. 120 நொடிக்குக் குறைந்த டைட்டில்களை அது காட்டாது. ஒளித்து வைக்கும் துண்டுகள் பெரும்பாலும் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம்தான். 'இந்த டிஸ்க்கில் ஒன்றும் இல்லை' என்று பலர் முடிவு கட்டுவது இதனால்தான். பிரிஃபரன்சஸில் வீடியோ பக்கத்துக்குப் போய் குறைந்தபட்ச நீளத்தை 5 நொடியாக்கி, டிஸ்க்கை மறுபடி திறக்க வேண்டும். ஹேண்ட்பிரேக்கில் இந்த எல்லை 10 நொடி. ஆனால் பூட்டிய, அதாவது நகலெடுக்க முடியாதபடி பாதுகாத்த, டிஸ்க்கை அது தானாகத் திறக்காது, படத்தையும் மறுபடி சுருக்கும். இடம் மிச்சம் வேண்டுமானால் ஹேண்ட்பிரேக், இருப்பது இருந்தபடி வேண்டுமானால் மேக்எம்கேவி.

பட்டியலில் 40 நிமிட டைட்டில் ஒன்றும், கூட்டினால் 40 வரும் சிறு டைட்டில்கள் எட்டும் இருந்தால் இரண்டையும் சேமிக்க வேண்டாம், ஏதாவது ஒன்று போதும். பெரியது 'எல்லாவற்றையும் ஓட்டு' பட்டனுக்கானது. 99 டைட்டிலும் படத்தின் நீளத்திலேயே நின்றால் அது நகலைத் தடுக்கப் போட்ட போலிப் பட்டியல். விஎல்சியில் மெனு வழியாகப் படத்தை ஓட்டி, பிளேபேக் மெனுவில் எந்த டைட்டில் எண் குறியிட்டிருக்கிறது என்று பாருங்கள், உண்மையானது அது.

மேக்எம்கேவிக்குத் தெரியாதவையும் உண்டு. 1999-ல் வந்த 'தி மேட்ரிக்ஸ்' டிவிடியில் வெள்ளை முயல் வசதியை இயக்கிவிட்டுப் படம் பார்த்தால், நடுநடுவே திரையில் முயல் தோன்றும். அப்போது ஓகே அமுக்கினால் அந்தக் காட்சியை எடுத்த விதம் ஓடி, மறுபடி படத்துக்கே திரும்பும். முயலும் ஒரு பட்டன்தான். மேக்எம்கேவி உருவாக்கும் எம்கேவி ஃபைலில் பட்டன் கிடையாது, ஆகவே முயலும் கிடையாது. துண்டுகள் மட்டும் தனித்தனியாக, எந்தக் காட்சிக்கு எது என்று தெரியாமல் கிடக்கும். அது போன்ற டிஸ்க்கை நகலெடுத்துவிட்டு அசலைத் தூக்கிப் போடுவது பெரிய இழப்பு. மெனுப் பகுதிக்குள்ளேயே வைத்த துண்டுகளும் டைட்டில் பட்டியலில் வராது. அவற்றுக்கு வீடியோ டிஎஸ் ஃபோல்டரில் 0 என்று முடியும் விஓபி ஃபைல்களை விஎல்சியில் நேரடியாக ஓட்டிப் பாருங்கள்.

தமிழ்ப் பட டிவிடிகளில் 'பாடல்கள்' மெனு பெரும்பாலும் தனி டைட்டில் அல்ல, படத்தின் சாப்டர்களுக்கே தாவும் வாசல். நகலில் பாடல்களைத் தனியாகக் காணோம் என்று தேட வேண்டாம். சாப்டர் பட்டியலில் இருக்கும்.

விஓபி ஃபைல்களை பென் டிரைவில் போட்டு டிவியில் செருகும் வழி பூட்டில்லாத டிஸ்க்குக்கு மட்டும் சரி. பூட்டியதை அப்படியே நகலெடுத்தால் பச்சையும் கட்டம் கட்டமுமாகத்தான் தெரியும்.

கடைசியாக, வீடியோ டிஎஸ், ஆடியோ டிஎஸ் தவிர வேறு ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். 2000-களின் தொடக்கத்து ஹாலிவுட் டிஸ்க்குகளில் திரைக்கதை, படங்கள், விளையாட்டுகள் அங்கே இருக்கும். பிளேயருக்கும் மேக்எம்கேவிக்கும் அது தெரியவே தெரியாது. டிஸ்க் நிறுவச் சொல்லும் பழைய இன்டர்ஆக்சுவல் மென்பொருளை நிறுவாதீர்கள்; ஃபோல்டருக்குள் நேராகப் போய்ப் பிடிஎஃப், எச்டிஎம்எல், பட ஃபைல்களைத் திறந்தாலே பெரும்பகுதி கைக்கு வந்துவிடும்.