ஆயுத பூஜை அன்று ஆட்டோ பிடித்த கதை

நவராத்திரிக்குச் சென்னையில் இருக்க வேண்டும் என்பதற்காகவே மகளுக்குப் பள்ளியில் விடுப்புச் சொல்லிவிட்டு, பதினொரு ஆண்டுகளுக்குப் பிறகு இந்தப் பருவத்தில் டொராண்டோவிலிருந்து ஊருக்கு வந்தோம். வடக்கு மாட வீதி பொம்மைக் கடைகள், கபாலீசுவரர் கோயில், மெரினா எல்லாம் குறையில்லாமல் முடிந்தன. எழுத வேண்டியது, ஆயுத பூஜை மாலையில் மேற்கு மாம்பலத்திலிருந்து மந்தைவெளியில் உள்ள சித்தி வீட்டுக் கொலுவுக்கு ஆட்டோ பிடித்த கதையைத்தான்.

2013இல் அரசு நிர்ணயித்த மீட்டர் கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். எங்கள் தூரத்துக்கு அது 75 ரூபாயைச் சுற்றித்தான் வரும். இன்றைய விலைவாசியில் அந்தக் கணக்கைப் பேசுவது நியாயமில்லை என்பதால், செயலி காட்டிய 140 ரூபாயை மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டேன். உடனே அழைப்பு வந்தது. “அக்கா, எங்க போகணும்? எவ்ளோ காட்டுது? மேல அம்பது போட்டுக் குடுங்க.” போகும் இடமும் தொகையும் தெரியாமலா சவாரியை ஏற்றார் என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அது ரத்தாகிவிட்டது. இப்படியே ஐந்து பேர். டொராண்டோவில் வண்டி வரும், ஏறுவோம், இறங்குவோம். ஓட்டுநரின் குரலைக்கூடக் கேட்காத பயணங்கள் உண்டு. இங்கே முன்பு தெருவில் நின்று பேசிய பேரத்தை இப்போது வீட்டுக்குள் உட்கார்ந்து பேசுகிறோம், அவ்வளவே. பட்டுப்புடவை கசங்க முக்கால் மணி நேரம் காத்திருந்த அம்மா, “தெருமுனை ஸ்டாண்டுக்குப் போகலாம் வாடி” என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

ஸ்டாண்டில் கழுவித் துடைத்த ஆட்டோக்கள் வரிசையாக நின்றன. முன்கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும், இருபுறமும் வாழைக்கன்று, நடுவில் சாமந்தி மாலை. “பூஜை போட்டுட்டுத்தாம்மா வண்டி எடுப்பேன், பத்து நிமிஷம்” என்றார் ஒருவர். அந்தப் பத்து நிமிடம் அரை மணி நேரமானது. ஆனால் அந்த அரை மணி நேரம் முழுவதும் என் மகள் கைப்பேசியைத் தொடவே இல்லை. மூன்று சக்கரங்களின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, அவர் வண்டியை மெல்ல நகர்த்தியபோது பழங்கள் ஒவ்வொன்றாக நசுங்கிய சத்தம் கேட்டு அவள் கைதட்டினாள். பிறகு பூசணிக்காயைச் சுற்றி நடுத்தெருவில் போட்டு உடைத்தார்கள். குங்குமம் கலந்த அந்தச் சிவப்புச் சதையில் இருசக்கர வண்டிகள் வழுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆண்டுதோறும் சொல்லவும் செய்கிறார்கள். ஆனாலும் ஒருவரும் அதை ஓரமாகத் தள்ளவில்லை. நான்தான் காலால் தள்ளினேன். செருப்பு இன்னும் சிவப்பாக இருக்கிறது.

வாழையிலை முகத்தில் உரசிக்கொண்டே வந்தது. கிளம்பும் முன் மகள் கையில் பொரி, பொட்டுக்கடலை, ஒரு வாழைப்பழம் அடங்கிய பொட்டலத்தைத் திணித்திருந்தார். மந்தைவெளியில் இறங்கி எவ்வளவு என்று கேட்டதற்கு, “போணிம்மா, நீங்களே பாத்துக் குடுங்க” என்றார். எந்தத் தொகையைச் சொல்லியிருந்தாலும் நான் பேரம் பேசியிருப்பேன்; இதற்கு என்ன பேசுவது? 300 ரூபாய் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முன்னால் இருந்த சாமி படத்தருகே வைத்தார்.

செயலிக்காரர் கேட்ட ஐம்பதைக் கொடுத்திருந்தால் 190 ரூபாயோடு போயிருக்கும் என்று அம்மா மாடிப்படி முழுவதும் கணக்குச் சொல்லிக்கொண்டே ஏறினார். சித்தி வீட்டில் சுண்டல் தீர்ந்துவிட்டிருந்தது. மகள் கொலுவுக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஆட்டோவில் கிடைத்த பொரியைத் தின்றுகொண்டிருந்தாள்.