சதுர அடிக்கு எவ்வளவு? கிச்சன் கேபினெட் கொட்டேஷன்கள் ஒரு மதிப்பீடு

பழைய சமையலறையைப் பிரித்து மாடுலர் கிச்சன் போடுபவர்களுக்குச் சென்னையிலும் கோவையிலும் பொதுவாக மூன்று வழிகள். வீட்டிலேயே ஆசாரியை வைத்துச் செய்யலாம். சொந்தமாக மெஷின் வைத்திருக்கும் சிறு தொழிற்கூடத்தில் கொடுக்கலாம். ஷோரூம் வைத்திருக்கும் பெரிய நிறுவனத்திடம் ஒப்படைக்கலாம். இந்த மூன்று பேரும் தரும் கொட்டேஷனில் எதைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிச் செலவை முன்கூட்டியே சொல்ல முடியும்? இந்த மதிப்பீட்டில் பார்ப்பது அது ஒன்றைத்தான்.

முதலில் எல்லோரும் கேட்கும் கேள்வி: "சதுர அடிக்கு எவ்வளவு?" குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. எல் வடிவச் சமையலறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு சுவர் 10 அடி, இன்னொன்று 8 அடி, மேடையின் அகலம் 2 அடி. தரையிலிருந்து கிரானைட்டின் அடிப்பக்கம் வரை 33 அங்குலம், அதாவது 2.75 அடி. சுவரோடு சுவராக டேப் பிடித்தால் 18 அடி வரும். மூலையை இரண்டு முறை எண்ணாமல் அளந்தால் 16 அடி. கண்ணுக்குத் தெரியும் முன்பக்கத்தை மட்டும் அளந்தால் 14 அடி. சதுர அடியாக்கினால் 49.5, 44, 38.5. கணக்குக்கு 1,500 ரூபாய் என்று வைத்தால் 74,250, 66,000, 57,750. ரேட் ஒன்றுதான், சமையலறையும் ஒன்றுதான். கீழ்வரிசைக்கு மட்டுமே 16,500 ரூபாய் வித்தியாசம். இதில் 16 அடிதான் நியாயமான அளவு. மூலைக்குள் ஒரு பெட்டி உண்மையிலேயே போகிறது, அதற்குப் பலகை செலவாகிறது. ஆனால் ஒரு பெட்டிதான் போகிறது. 18 அடிக்குக் கணக்குப் போட்டவரிடம் மூலையைக் கழிக்கச் சொல்லிக் கேட்பதில் தயங்கவே கூடாது.

அடுத்தது ஸ்கர்ட்டிங். அந்த 33 அங்குலத்தில் கீழே 4 அங்குலம் வெறும் பட்டைதான். பெட்டியின் உயரம் 29 அங்குலம். பட்டையையும் பெட்டி ரேட்டிலேயே போட்டால் 16 அடிக்கு அது மட்டும் 8,000 ரூபாய். ஸ்கர்ட்டிங்கை ரன்னிங் அடிக் கணக்கில் (நீளத்துக்கு மட்டும்) தனி வரியாக எழுதச் சொல்ல வேண்டும். அடுப்புக்குக் கீழேயோ சிலிண்டர் இடத்திலோ பெட்டி இல்லாமல் கதவு மட்டும் வந்தால், அதுவும் பெட்டி ரேட்டில் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சதுர அடி ரேட் ஏன் இவ்வளவு ஏமாற்றுகிறது என்பதற்குக் காரணம் பெட்டிக்குள் இருக்கிறது. 24 அங்குல அகலம், 29 அங்குல உயரம், 22 அங்குல ஆழம் உள்ள ஒரு கீழ்ப்பெட்டியில் இரண்டு பக்கப் பலகை, ஒரு அடிப்பலகை, நடுவில் ஒரு தட்டு, மேலே இரண்டு பட்டை, ஒரு கதவு. எல்லாம் 18 மி.மீ. பலகை என்றால் சுமார் 22 சதுர அடி ஆகும். பின்பலகை தனியாக 5 சதுர அடிக்குச் சற்றுக் குறைவு. ஆனால் முன்னால் அளந்தால் அந்தப் பெட்டி 4.8 சதுர அடிதான். ஆக, "ஒரு சதுர அடி" என்று விலை சொல்லும்போது கிட்டத்தட்ட நாலரை மடங்குப் பலகைக்குச் சேர்த்து விலை சொல்கிறார்கள். நடுத்தட்டை எடுத்துவிட்டாலும், பின்பலகையை 9 மி.மீ.யிலிருந்து 6 மி.மீ. ஆக்கினாலும், பின்பலகையே போடாமல் சுவரோடு விட்டாலும் சதுர அடி மாறாது, ரேட்டும் மாறாது. அதே 4.8 சதுர அடிக்குக் கதவுக்குப் பதில் மூன்று டிராயர் கேட்டால் மூன்று ஜோடி சேனல் (டிராயர் ஓடும் தண்டவாளம்), மூன்று டிராயர் பெட்டி கூடுதலாக வரும். ஒற்றை ரேட் சொன்னவர் அந்தச் செலவை வேறு எங்காவது குறைத்துத்தான் ஆக வேண்டும்.

அதனால் நல்ல கொட்டேஷன் என்பது பெட்டி வாரியாக இருக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு எண், அகலம், உயரம், ஆழம், உள்ளே தட்டா டிராயரா, என்ன கீல், என்ன சேனல், அதன் விலை. அந்த எண்களே வரைபடத்திலும் இருக்க வேண்டும். இப்படி எழுதித் தருபவர் இரண்டாயிரம் மூவாயிரம் கூடுதலாகக் கேட்டாலும் அவரிடம் கொடுப்பது நல்லது, ஏனென்றால் பாதியில் ஒரு பெட்டியை மாற்றினால் எவ்வளவு கூடும், எவ்வளவு குறையும் என்று உடனே தெரியும்.

பலகை விஷயத்தில் "வாட்டர் ப்ரூஃப் பிளைவுட்" என்று எழுதியிருந்தால் அது எதுவும் எழுதாததற்குச் சமம். இந்தியத் தர எண்களில் ஐ.எஸ். 303 என்பது பொதுப் பயன்பாட்டு பிளைவுட், அதில் எம்.ஆர். (ஈரம் தாங்குவது), பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்குவது) என்று தரம் பிரிப்பார்கள். ஐ.எஸ். 710 என்பது மரைன் பிளைவுட். 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிக்கும் தரம் அது. சிங்க் பெட்டிக்கு 710 போடுவது அவசியம். மற்றப் பெட்டிகளுக்கு பி.டபிள்யூ.ஆர். தாங்கும்; எம்.ஆர். சமையலறைக்கு ஆகாது. பலகையில் "710" என்று அச்சு இருந்தால் மட்டும் போதாது, ஐ.எஸ்.ஐ. முத்திரையும் சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் எந்த ஆலைக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்த உரிமம் என்று வந்துவிடும். கடையில் நின்றபடியே பார்க்கலாம். பெட்டிக்கு, கதவுக்கு, பின்பலகைக்கு, தட்டுக்கு என்று நாலுக்கும் தனித்தனியாகப் பொருளும் கனமும் எழுதி வாங்குங்கள். கதவு மட்டும் பிளைவுட், பெட்டி பார்ட்டிக்கிள் போர்டு (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) என்று செய்துவிட்டு மொத்தத்துக்கும் "பிளைவுட் கிச்சன்" என்று பெயர் வைப்பது உண்டு. பார்ட்டிக்கிள் போர்டின் வெட்டு முனையில் தண்ணீர் இறங்கினால் அது ஊதிவிடும், பிறகு பழைய நிலைக்கு வராது. கீலின் திருகாணியும் பிடிப்பை இழந்துவிடும்.

பலகை மேல் ஒட்டும் மைக்கா வெளியே 1 மி.மீ., உள்ளே 0.7 முதல் 0.8 மி.மீ. என்று எழுதியிருக்க வேண்டும். கதவின் உள்பக்கத்துக்கு வெறும் பெயின்ட் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மைக்கா ஒட்டிய கதவு மறுபக்கம் ஈரத்தை உறிஞ்சி வில்லாக வளையும். பிறகு கீலை எவ்வளவு திருகினாலும் நேராகாது. ஓரத்துக்குக் கதவில் 2 மி.மீ., பெட்டியில் 0.8 மி.மீ. பி.வி.சி. எட்ஜ் பேண்ட் (வெட்டு முனையை மூடும் பட்டை), மெஷினில் ஒட்டியது. கையால் ஒட்டிய ஓரம் அடுப்புச் சூட்டிலும் சிங்க் ஈரத்திலும் முதலில் பிரியும்.

கீல், சேனல் வரியில் ஹெட்டிச், ப்ளம், ஹேஃபலே, எப்கோ என்று கம்பெனிப் பெயர் மட்டும் இருந்தால் பாதித் தகவல்தான். ஒரே கம்பெனியில் சாதாரணக் கீலும் இருக்கிறது, மெதுவாகத் தானே மூடும் சாஃப்ட் குளோஸும் இருக்கிறது. டிராயரின் பக்கத்தில் வரும் டெலஸ்கோபிக் சேனலும் இருக்கிறது, டிராயருக்கு அடியில் மறைந்திருக்கும் டேண்டம் வகையும் இருக்கிறது. விலை பல மடங்கு மாறும். மாடல் எண், தாங்கும் எடை, எண்ணிக்கை மூன்றும் வேண்டும். எவர்சில்வர் அண்டாவும் குக்கரும் போகும் கீழ் டிராயருக்கு 45 கிலோவுக்குக் குறைந்த சேனல் ஒத்துவராது. இழுத்தால் வெளியே வரும் கம்பிக் கூடையான பேஸ்கெட்டில், துரு அதிகம் தாங்கும் 304 ஸ்டீலா, மலிவான 202-ஆ என்று எழுதி வாங்க வேண்டும். காந்தம் வைத்துப் பார்ப்பது பயன்படாது, இரண்டுமே காந்தத்தில் ஒட்டாத வகை. சோதனைத் திரவத்தில் ஒரு சொட்டு விட்டால் நிறம் மாறுவதை வைத்துச் சொல்லிவிடலாம். உலோகக் கடைகளில் அது வைத்திருப்பார்கள்.

புதுப்பிக்கும் வீட்டில் மட்டும் வரும் சிக்கல் கடப்பாக்கல். மேடைக்குக் கீழே கடப்பாத் தடுப்பு இருந்தால், அதை வைத்துக்கொண்டே கதவும் பேஸ்கெட்டும் போட்டுக்கொடுப்பதாகச் சொல்வார்கள். செலவு குறைவுதான், ஆனால் இடைவெளியை அளக்காமல் சொன்ன விலை நிற்காது. கடையில் கிடைக்கும் பேஸ்கெட் அகலம் 15, 17, 19, 21 அங்குலம். 15 அங்குல பேஸ்கெட்டுக்கு இரு பக்கச் சேனலையும் சேர்த்து 16 அங்குலம் உள்ளிடம் தேவை. கடப்பா இடைவெளி 18 அங்குலமாக இருந்தால், இரு பக்கமும் 18 மி.மீ. பலகை போக 16.6 அங்குலம் மிஞ்சும், பேஸ்கெட் உட்காரும். இடைவெளி 17 அங்குலமாக இருந்தால் 15.6 தான். அரை அங்குலத்துக்கும் குறைவான இடத்தால் பேஸ்கெட் வெளியே நின்றுவிடும். அளவு சொல்லிச் செய்யவோ கல்லை உடைக்கவோ வேண்டியதுதான். எனவே ஒவ்வொரு இடைவெளியையும் மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளந்து, அதில் சிறியதைக் கொட்டேஷனில் எழுத வைக்க வேண்டும்.

கொட்டேஷனில் இல்லாமல் பிறகு முளைக்கும் செலவுகள்: பழையதை உடைத்துக் கட்டடக் கழிவை அப்புறப்படுத்துவது, கிரானைட்டில் ஹாப்புக்கும் (மேடையில் பதிக்கும் அடுப்பு) சிங்குக்கும் வெட்டு, சிம்னிக் குழாய்க்குச் சுவரில் துளை, புது பிளக் பாயின்ட், வெளியே தெரியும் பக்கத்துக்கு எண்ட் பேனல், சுவர் ஓர இடைவெளியை மூடும் ஃபில்லர் பட்டை, பரண் கதவு, கைப்பிடி, வண்டி வாடகை, லிஃப்ட் இல்லாத மாடிக்குத் தூக்குகூலி. கடைசியில் 18 சதவீத ஜி.எஸ்.டி. இரண்டு லட்சம் என்று பேசிய வேலை "வரி தனி" என்ற ஒரு வரியால் 2,36,000 ஆகிவிடும். ஒவ்வொன்றுக்கும் எதிரே "உண்டு" அல்லது "இல்லை" என்று எழுதச் சொல்லுங்கள். காலியாக விட்டால் அது இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மூவரில் யார் எப்படி என்று பார்க்கலாம்.

ஆசாரி வழியில் கூலி மட்டும் அவருக்கு, பொருள் நம் செலவு. பலகை முத்திரையை நாமே பார்த்து, நம் பெயரில் பில் வாங்கலாம். பொருள் தெளிவில் இவரை யாரும் மிஞ்ச முடியாது. தெளிவில்லாதது அளவு. மேலே சொன்ன 16 அடிக்கு 24 அங்குலப் பெட்டி 8 என்றால் 178 சதுர அடி. வெட்டுச் சேதாரம் 15 சதவீதம் சேர்த்தால் 205. ஒரு ஷீட் 8-க்கு 4, அதாவது 32 சதுர அடி. ஆக 18 மி.மீ. ஷீட் 7, பின்பலகைக்கு 2. பத்துப் பன்னிரண்டு ஷீட் கேட்டால், எந்த ஷீட்டில் எந்தத் துண்டு வெட்டப்போகிறார் என்று வெட்டுப் படம் வரையச் சொல்லிப் பாருங்கள். கூலியை நாள் கணக்கில் பேசாமல் வேலைக் கணக்கில் பேசுவதும் முக்கியம்.

சிறு தொழிற்கூடம்தான் விலைக்கு ஏற்ற வேலையைத் தருகிறது. எட்ஜ் பேண்ட் மெஷின் இருக்கும். பெட்டி வாரியாகக் கேட்டால் கொடுக்கவும் முடியும், ஏனென்றால் வெட்டுவதற்கு அவர்களுக்கே அந்தப் பட்டியல் வேண்டும். ஆனால் கேட்காமல் தரமாட்டார்கள். வாய்ப்பேச்சில் ஓடும் இடம் இது: பேசியது ஒரு பலகை, ஏற்றுவது வேறு பலகை என்பது நடக்கக்கூடியது. வெட்டும் நாளில் நேரில் போய் ஷீட்டைப் பார்ப்பதையும் ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஷோரூம் கொட்டேஷன் பார்க்க மிகத் தெளிவு. பெட்டி எண், முப்பரிமாணப் படம் எல்லாம் இருக்கும். ஆனால் முதல் தாள் பெரும்பாலும் உத்தேச அளவில் போட்டது. சைட் அளவு எடுத்த பிறகு வரும் இரண்டாவது தாள்தான் விலை. தள்ளுபடிச் சதவீதத்தைப் பார்க்காமல், கடைசித் தொகையைப் பெட்டிகளின் எண்ணிக்கையோடு வைத்துப் பாருங்கள். முன்பணம் கொடுக்கும் முன் இரண்டாவது தாளைக் கேளுங்கள். முடியாது என்றால், அளவெடுக்கும் கட்டணத்தை மட்டும் கொடுத்துவிட்டு அதைப் பெறுங்கள். வாரண்டியில் தண்ணீர்ச் சேதம் விலக்கா என்று படியுங்கள். சமையலறையில் கெடுவது பெரும்பாலும் தண்ணீரால்தான்.

யாரிடம் கொடுத்தாலும் கடைசி அளவை டைல்ஸ் ஒட்டிய பிறகு எடுக்க வேண்டும். டைல்ஸும் கலவையும் சேர்ந்து ஒரு சுவரில் சுமார் ஒரு அங்குலத்தைத் தின்றுவிடும். இரண்டு சுவர்களுக்கு நடுவே உட்காரும் வரிசையில் இரண்டு அங்குலம் போய்விடும். முன்பே அளந்து செய்த பெட்டி உள்ளே நுழையாது. சைட்டில் வைத்துப் பக்கத்தைச் சீவினால் எட்ஜ் பேண்ட் போய்விடும்.

பணத்தை 50, 40, 10 சதவீதமாகப் பிரிப்பது வழக்கம். அந்தக் கடைசிப் பத்தைப் பொருத்தி முடித்த அன்றே கொடுத்துவிட வேண்டாம். கொட்டேஷனைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டி பெட்டியாகப் பாருங்கள்: பின்பலகையின் கனம், சேனலில் அச்சடித்த மாடல் எண், கீல் எண்ணிக்கை. ஒரு கதவின் கீலை மட்டும் கழற்றச் சொல்லுங்கள். 35 மி.மீ. துளையின் பக்கச்சுவரில் கதவுப் பலகையின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்: அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட், தூள் போலத் தெரிந்தால் போர்டு.