வீட்டுக்குப் பேசுவது: காலையிலா, இரவிலா?

அமைதியான வெளிநாட்டுச் சிற்றூரில் 7 மணிக்கே தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது, வேலை முடிந்து அறைக்கு வந்ததும் வீட்டுக்குப் போன் போடத்தான் கை போகும். நானும் பல மாதம் அப்படித்தான் செய்தேன். ஆனால் வீட்டு நேரம் நமக்கு 5 மணி முந்தி ஓடினால், நம் இரவு 9 அவர்களுக்கு நள்ளிரவு 2; அம்மா தூக்கக் கலக்கத்தில் "ம்... சொல்லுப்பா" என்பார், அதற்கு மேல் பேச மனசு வராது. காலை 6 மணிக்குக் கூப்பிட்டால் அங்கே 11. குரல் தெளிவாக இருக்கும், பின்னால் பாத்திரம் உருளும் சத்தம்கூடக் கேட்கும். 15 நிமிடம்தான் கிடைக்கும், சரி, ஆனால் அந்தக் குரலோடு வேலைக்குக் கிளம்புவது தனித் தெம்பு. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே நகர்த்தும் நாடாக இருந்தால் இடைவெளி 4 ஆகிவிடும், மறந்துவிடாதீர்கள். வீட்டு நேரம் பிந்தி ஓடுபவர்களுக்கு மட்டும் இரவுதான் நல்லது. 5 மணி பிந்தினால், நம் 9 அங்கே மாலை 4.