மலைவேம்புக் கயாக்: 20 கிலோவும் ஒரு கறுப்புத் தழும்பும்

திருகோணமலை நண்பர் ஒருவர் கேட்டிருந்தார், வீட்டிலேயே கயாக் (துடுப்பால் வலிக்கும் ஒடுங்கிய சிறு வள்ளம்) கட்டப் போகிறாராம், எந்த மரம் எடுக்கலாம் என்று. போன மாதம் கேட்டிருந்தால் மலைவேம்பு என்று ஒரே சொல்லில் முடித்திருப்பேன். இந்தக் கிழமைதான் என்னுடைய மலைவேம்புக் கயாக்கின் அடிப்பக்கத்துப் பைபர் துணியை (கண்ணாடியிழைத் துணி) உரித்துத் திருத்தி முடித்தேன். கையில் ரெசின் மணம் இன்னும் போகவில்லை. ஆகவே பதில் கொஞ்சம் நீளம், கொஞ்சம் சூடு.

கட்டும் முறை தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். 6 மில்லிமீற்றர் தடிப்பு மரக்கீற்றுகளை அச்சின்மேல் ஒன்றோடொன்று ஒட்டி, உள்ளும் வெளியும் பைபர் துணி போர்த்தி, எபொக்சி என்ற இறுகும் ரெசினைப் பூசும் வகை. என்னுடையது 17 அடி.

யாழ்ப்பாணத்து மரக்காலையில் போய் வள்ளத்துக்கு மரம் வேண்டும் என்று கேட்டால், முதலாளியின் கை வேம்பு, இலுப்பைப் பக்கம்தான் நீளும். அதில் பிழையில்லை. 1930இல் வல்வெட்டித்துறையில் கட்டி, 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை ஓடிச் சேர்ந்த அன்னபூரணி வேப்பமரத்துக் கப்பல்தானே. ஆனால் அது சரக்கு ஏற்ற ஓடிய பாய்க்கப்பல். நான் என் கயாக்கை ஒழுங்கையால் தோளில் வைத்துக்கொண்டு போகவேண்டும்.

கணக்கைப் பாருங்கள். அடியும் மேல்தட்டும் சேர்த்து ஏறக்குறைய 5 சதுர மீற்றர் பரப்பு. 6 மில்லிமீற்றர் தடிப்புக்கு 0.03 கன மீற்றர் மரம் போகும். முதிரை கன மீற்றருக்கு 950 கிலோவுக்குக் கிட்ட வரும், அதில் கட்டினால் மரம் மட்டுமே 28 கிலோ. வேம்பை 700 என்று வைத்தால் 21. மலைவேம்பு 400க்கு அங்குமிங்கும், அதாவது 12 கிலோ. கயாக் கட்டுகிற வெளிநாட்டுக்காரர்கள் புகழ்ந்து தள்ளும் வெஸ்டர்ன் ரெட் சீடர் 370 அளவில்தான் நிற்கிறது. அதை இறக்குமதி செய்யத் தேவையில்லை, சிங்களத்தில் லுணுமிதெல்ல என்ற பெயரில் நம்மிடம் கிடைக்கிற இந்த மலைவேம்பே அதற்குப் பக்கத்தில் வருகிறது. பாலையைப் பற்றி யாராவது ஆலோசனை சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். அது தண்ணீரில் போட்டால் தாழும்.

இவ்வளவு மென்மையான மரம் தாங்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தாங்கும். இழுப்பையும் அழுத்தத்தையும் எடுப்பது இரண்டு பக்கத்துப் பைபர் துணிகள். அவற்றை விலக்கிப் பிடிப்பதுதான் நடுவில் உள்ள மரத்தின் வேலை. துணி, ரெசின், இருக்கை எல்லாம் சேர்த்து 20 கிலோவில் முடிந்தது. காலையில் யாரையும் எழுப்பாமல் தனியாகத் தூக்கி, பண்ணைக் கடற்கரைப் பக்கம் கொண்டுபோய் இறக்கலாம். இந்தச் சுகத்தை நான் கட்டும்போது எதிர்பார்க்கவே இல்லை. ஓடுவதைவிடத் தூக்குவதில்தான் எனக்கு இன்றைக்கும் அதிக சந்தோசம். சிறகு வலைக்காரர் ஒருவர் "தம்பி, உதுக்கு எஞ்சின் எங்க பூட்டுறது?" என்று கேட்டார். இல்லை என்றதும், மண்ணெண்ணெய் மிச்சம் என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டார்.

சீவுவதற்கும் மலைவேம்பு நல்ல பிள்ளை. நேரான நார், முடிச்சுக் குறைவு, வளைக்கச் சிரமமில்லை. சீவுளி மழுங்கினால் மட்டும் நார் பஞ்சாக எழும்பும். பச்சையாக வாங்கி உடனே ஒட்டாதீர்கள். எபொக்சி பூசும்போது ஈரம் 12 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது, அதற்கு மேலே போனால் அந்த ஈரத்தை உள்ளேயே வைத்துப் பூட்டுகிறீர்கள். சோளகக் (தென்மேற்குக் காற்று) காலத்தில் நிழலில் அடுக்கிக் காயவிடுங்கள். மாரியில் இந்த வேலையே வேண்டாம்.

ரெசின் பூசுவது பின்னேரத்தில். இதை மட்டும் கட்டாயம் கேளுங்கள். காலையில் பூசினால் வெயில் ஏற ஏற மரத்துக்குள் உள்ள காற்று விரிந்து, துணிக்கடியில் குமிழ் குமிழாக வரும். மலைவேம்பு போன்ற இலேசான மரத்தில் காற்று அதிகம், குமிழும் அதிகம். வெயில் இறங்கும் நேரத்தில் பூசினால் காற்றுச் சுருங்கி ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்புறம், பைபர் வள்ளப் பட்டறைகளில் மலிவாகக் கிடைக்கும் பொலியெஸ்ரர் ரெசினை மரத்தில் பூசாதீர்கள். பைபரோடு பைபர் ஒட்ட அது சரி. மரத்தில் நாளடைவில் உரிந்து வரும்.

சரி, கோபத்துக்கு வருகிறேன்.

நம்முடைய கடல்நீரேரி பல இடத்தில் முழங்கால் ஆழம். அடியில் சிப்பி, சுண்ணாம்புக்கல், அறுந்த வலைக்கம்புகளின் அடிக்கட்டை. மண்டைதீவுப் பக்கம் வற்றில் ஓடினால் எதிலாவது உரசாமல் வரமுடியாது. கடினமான மரமாக இருந்தால் கீறல் துணியோடு நிற்கும். மலைவேம்பு உள்ளே அமுங்கிக் கொடுக்கிறது. மரம் அமுங்கினால் மேலே துணிக்குத் தாங்கல் இல்லை, மயிரிழை வெடிப்பு விழுகிறது. அதால் உப்புத்தண்ணீர் இறங்கி நார் வழியே ஓடி, துணிக்கடியில் கறுப்பாகப் படர்கிறது. வெடிப்பு நகநுனி அளவு, கறுப்பு ஒரு சாண்!

இருக்கைக்குப் பின்னால் வலப்பக்கம். எங்கே திரும்பி நின்று பார்த்தாலும் கண் அதில்தான் போய் நிற்கும். துணியை வெட்டி எடுத்தேன், காயவிட்டேன், கறை வெளுக்க ஒக்சாலிக் அமிலம் பூசினேன். கறுப்பு சாம்பல் நிறமாக மாறியது, அவ்வளவுதான். திரும்பத் துணி ஒட்டி, வார்னிஷ் அடித்து வெயிலில் வைத்துப் பார்த்தால் அது இன்னும் வடிவாகத் தெரிகிறது. பெயின்ற் அடித்து மறை என்கிறார்கள். இளஞ்சிவப்புக் கலந்த அந்த மண்ணிற நாரைப் பெயின்றால் மூடுவதற்கா கீற்றுக் கீற்றாக நிறம் பார்த்து ஒட்டினேன்? ஓட்டத்துக்கு ஒரு குறையும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். தண்ணீர் உள்ளே வரவில்லை, பலமும் போகவில்லை. ஆனாலும் எரிச்சல் வருகிறது.

கீற்றுக்குப் பதிலாக ஒட்டுப்பலகையில் கட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மரைன் ஒட்டுப்பலகை என்ற முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். துண்டொன்றை வாங்கி வந்து நன்றாக அவித்துப் பாருங்கள், அடுக்குகள் பிரிந்தால் விட்டுவிடுங்கள். பிஎஸ் 1088 என்ற பிரித்தானிய மரைன் ஒட்டுப்பலகைத் தரத்தில், ஒகுமே என்ற இலேசான ஆபிரிக்க மரத்துப் பலகை கிடைத்தால் அதிர்ஷ்டம், 6 மில்லிமீற்றரில் எட்டுக்கு நாலடிப் பலகை 8 கிலோதான் வரும். குர்ஜன் என்ற பாரமான மரத்து அடுக்குகள் என்றால் அதே அளவு 12 கிலோவைத் தாண்டும். விளிம்பை எபொக்சியால் அடைக்காவிட்டால் அதுவும் தண்ணீர் குடிக்கும்.

ஆகவே நண்பரே, இன்றைக்குக் கேட்டால் இன்றைய பதில்: ஒட்டுப்பலகை வாங்குங்கள், அடிப்பக்கத்துக்கு இரண்டு மடிப்புத் துணி போடுங்கள், உள்ளும் புறமும் பெயின்ற் அடியுங்கள், நிம்மதியாக ஓடுங்கள். மலைவேம்பு வேண்டாம். என் விறாந்தையில் மிஞ்சிக் கிடக்கும் மலைவேம்புப் பலகைகளை விலைக்குத் தருவேனா என்றும் கேட்டிருந்தீர்கள். தர மாட்டேன், அடுத்த சோளகத்துக்கு எனக்கு வேலை இருக்கிறது.