அம்மாவின் கிரீன் கார்டில் தப்பான தேதி: 815 டாலர் விட்ட கதை

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கதை அப்புறம். அமெரிக்க கிரீன் கார்டில் தேதி தப்பாக அச்சாகி வந்து, அந்தத் தப்பு உங்கள் பக்கத்துத் தப்பு இல்லை என்றால், திருத்தி வாங்க அரசாங்கத்துக்கு ஒரு டாலர்கூடக் கட்ட வேண்டாம். இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. 815 டாலர் போயிற்று. பணம் போனதுகூடப் பரவாயில்லை. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாத ஒரு பொய்க்குக் கீழே அம்மாவின் கையெழுத்தை வாங்கிவிட்டார்கள். இந்தப் பதிவு அதற்காகத்தான்.

அம்மா 2024 செப்டம்பரில் நியூஜெர்சிக்கு வந்தார். நான் குடியுரிமை வாங்கிய பிறகு அவருக்குப் போட்ட மனு. மும்பையில் நேர்காணல், நெவார்க் விமான நிலையத்தில் இறங்கி முத்திரை, எல்லாம் ஒழுங்காக நடந்தது. அக்டோபரில் கார்டு தபாலில் வந்தது. உறையைப் பிரித்தேன், படம் அம்மாதான், பெயர் சரி. பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். மூன்று வாரம் கழித்து அடையாள அட்டை எடுக்க மோட்டார் வாகன அலுவலகத்துக்குப் போனோம். இங்கே ஆறு புள்ளி கணக்கு ஒன்று உண்டு, ஒவ்வொரு ஆவணத்துக்கும் இத்தனை புள்ளி என்று சேர்த்து ஆறு காட்ட வேண்டும். கவுன்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டையும் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். இரண்டையும் என் பக்கம் திருப்பி வைத்தார்.

பாஸ்போர்ட்டில் பிறந்த தேதி 04/07/1956. அதாவது ஜூலை 4. கார்டில் ஏப்ரல் 7.

நாம் நாளை முன்னால் எழுதுகிறோம், இவர்கள் மாதத்தை முன்னால் எழுதுகிறார்கள். எங்கோ யாரோ தட்டச்சு செய்யும்போது 04/07 இடம் மாறியிருக்கிறது. நாளும் மாதமும் பன்னிரண்டுக்குள் இருக்கும் எல்லோருக்கும் இந்த ஆபத்து உண்டு. 25ஆம் தேதி பிறந்தவர்கள் தப்பித்தார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "ஏப்ரல்னா பங்குனியில்ல? நான் ஆனியில பொறந்தவ. மூணு மாசம் வயசைக் கூட்டிட்டானா?" சிரிக்கும் விஷயம் இல்லை என்பது எனக்கு அப்போது தெரிந்திருந்தது. ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது சென்னை விமான நிலையத்தில் இரண்டு தேதியையும் ஒருவர் ஒப்பிட்டுப் பார்ப்பாரே, அங்கே யாருக்கு விளக்கம் சொல்வது?

எடிசன் பக்கம் நம் ஆட்களின் கடைகள் வரிசையாக இருக்கும் சாலையில், மாடியில் ஒரு சின்ன ஆபீஸ். குடிவரவு, வரி, பாஸ்போர்ட் புதுப்பித்தல், விமான டிக்கெட், எல்லாம் ஒரே பலகையில். கோவிலில் ஒருவர் கைகாட்டிவிட்டார். உள்ளே இருந்தவர் தமிழர், அம்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார், எந்த ஊர் என்று விசாரித்தார், காபி வரவழைத்தார். எனக்கு அப்போதே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. காபிக்கு மயங்குகிற சாதி நாம்.

கார்டைப் பார்த்ததும் முகத்தைச் சுருக்கினார். "தம்பி, இதைக் கையில வச்சிருந்தாலே தப்பு. இப்ப இருக்கிற நிலைமையில அம்மாவை வெளியே கூட்டிட்டுப் போகாதீங்க. கார்டை எங்ககிட்ட விட்டுடுங்க, அனுப்பியாகணும்." மாற்று கிரீன் கார்டு கேட்கும் ஐ-90 படிவம், அரசாங்கக் கட்டணம் 465, அவருடைய கூலி 350. முதலாவதற்குக் காசோலை, இரண்டாவதற்கு ரொக்கம். ரசீது கேட்டேன். "ஆவணச் சேவை, 350" என்று ஒரு துண்டுச்சீட்டு எழுதிக்கொடுத்தார். அதில் ஆபீஸின் பெயர்கூட இல்லை என்பதை ஜனவரியில்தான் கவனித்தேன்.

அம்மா கையெழுத்துப் போட்டார். மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய இடத்தில் மட்டும் பக்கத்தைத் திறந்து காட்டினார்கள். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று அம்மாவும் கேட்கவில்லை, நானும் படிக்கவில்லை. ஐ.டி. வேலையில் இருக்கிறேன், தினமும் ஒப்பந்தங்கள் படிக்கிறேன். அன்று படிக்கவில்லை.

டிசம்பர் போனது, ஜனவரியும் பாதி போனது. ஒரு கடிதம்கூட வரவில்லை. போன் செய்தால் "அரசாங்க வேலை தம்பி, எட்டு மாசம் பத்து மாசம் ஆகும்" என்பார். ஒரு ராத்திரி வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த 465 டாலர் காசோலை கண்ணில் பட்டது. டிசம்பர் தொடக்கத்திலேயே பணமாகியிருந்தது. வங்கித் தளத்தில் காசோலையின் இரண்டு பக்கமும் படமாக இருக்கும். பின்பக்கத்தைத் திருப்பினால் மூன்று எழுத்தும் பத்து இலக்கமும் சேர்ந்த ஓர் எண் அச்சாகியிருந்தது. அதுதான் மனுவின் ரசீது எண். குடிவரவுத் துறையின் தளத்தில் போட்டேன். கூடுதல் சான்று கேட்டு டிசம்பர் கடைசியில் கடிதம் அனுப்பியிருக்கிறோம் என்று வந்தது.

எங்கே அனுப்பினார்கள்? அந்த மாடி ஆபீஸுக்கு. தபால் முகவரி என்ற இடத்தில் தன் முகவரியைப் போட்டிருந்தார். புதுக் கார்டு வந்திருந்தாலும் அவர் கைக்குத்தான் போயிருக்கும்.

மறுநாள் போய் உட்கார்ந்தேன். கடிதம் அவர் மேசையில்தான் இருந்தது, பிரித்தே இருந்தது. பதில் தருவதற்கான கெடுவில் கணிசமான நாள் ஓடியிருந்தது. "நானே கூப்பிடலாம்னு இருந்தேன். இதுக்குப் பதில் எழுத 150 ஆகும்." கடிதத்தை வாங்கி அங்கேயே படித்தேன். உங்கள் பிறந்த தேதி சட்டப்படி மாற்றப்பட்டது என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்கான நீதிமன்ற ஆணையோ வேறு சான்றோ அனுப்புங்கள் என்று இருந்தது.

படிவத்தின் நகலைக் கேட்டேன். தர மனசில்லாமல் தந்தார். ஐ-90இல் எதற்காக மாற்று அட்டை கேட்கிறீர்கள் என்று காரணங்களின் பட்டியல் உண்டு. அதில் ஒன்று, அட்டை வழங்கிய துறையின் தவற்றால் விவரம் தப்பாக இருக்கிறது என்பது. அதற்குக் கட்டணம் கிடையாது. தப்பான மூல அட்டையையும், சரியான விவரத்துக்கான சான்றையும் சேர்த்து அனுப்ப வேண்டும். பட்டியலில் அதற்கு அடுத்தது, அட்டை வாங்கிய பிறகு என் பெயரோ பிற விவரமோ சட்டப்படி மாறிவிட்டது என்பது. அதற்குக் கட்டணம் உண்டு. இவர் இரண்டாவதை டிக் செய்திருந்தார். அதாவது, 68 வயதில் அம்மா கோர்ட்டுக்குப் போய்த் தன் பிறந்த நாளை மாற்றிக்கொண்டார் என்று, பொய் சொன்னால் தண்டனை உண்டு என்ற வாசகத்துக்குக் கீழே அம்மாவே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

தெரியாமல் செய்தாரா, தெரிந்தே செய்தாரா? இலவசம் என்று சொன்னால் "இதுக்கா 350?" என்று கேட்போம் என்ற பயம்தான் என்று நான் நினைக்கிறேன். கட்டணம் பெரிதாக இருந்தால்தான் கூலியும் நியாயமாகத் தெரியும்.

படிவத்தின் கடைசியில் இரண்டு பகுதிகள் காலியாக இருந்தன. ஒன்று மொழிபெயர்த்துச் சொன்னவர் கையெழுத்துப் போடும் இடம், இன்னொன்று படிவத்தைத் தயாரித்தவர் போடும் இடம். காசு வாங்கிக்கொண்டு பூர்த்தி செய்தவர் அங்கே பெயர் எழுத வேண்டும். அவர் எழுதவில்லை. காகிதத்தின்படி, ஆங்கிலம் தெரியாத என் அம்மா தானே உட்கார்ந்து நிரப்பிய படிவம் அது. உங்கள் படிவத்தில் எதைப் பார்க்காவிட்டாலும் இந்த இடத்தைப் பாருங்கள். நிரப்பிக்கொடுத்தவர் தன் பெயரைப் போட மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம் கார்டு. "அனுப்பியாகணும்" என்று வாங்கி வைத்த கார்டு அவர் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது! அவர் டிக் செய்த காரணத்துக்கு மூல அட்டை தேவைப்படவில்லை போலும். கார்டு இல்லாமல் வெளியே போகக்கூடாது என்று அம்மா இரண்டு மாதம் வீட்டுக்குள் அடைந்து கிடந்தார், கோவிலுக்குக்கூட வரவில்லை. அந்தப் பயத்துக்கும் அவசியமே இருந்ததில்லை. குடியேற்ற விசாவில் வந்தவர்களுக்கு, பாஸ்போர்ட்டில் ஒட்டிய அந்த விசாவும் அதன்மேல் விமான நிலையத்தில் குத்திய முத்திரையும் சேர்ந்து ஓராண்டுக்கு நிரந்தரக் குடியிருப்புக்கான தற்காலிகச் சான்று. விசாவிலேயே அப்படி அச்சிட்டிருக்கிறார்கள். அம்மாவின் கைப்பையில் அது முழு நேரமும் இருந்தது.

பிறகு நான் செய்தது. முதலில் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரத்துக்குக் காசு கட்டிப் பேசினேன். இதை நவம்பரிலேயே செய்திருக்கலாம், 350க்குள் முடிந்திருக்கும். இந்த நாட்டில் குடிவரவு விஷயத்தில் சட்ட ஆலோசனை சொல்ல வழக்கறிஞருக்கும், அமெரிக்க நீதி அமைச்சகம் அங்கீகரித்த தொண்டு நிறுவனப் பிரதிநிதிக்கும்தான் உரிமை. டிக்கெட் போடுகிறவருக்கு இல்லை. அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதிப் பொய்யை இழுக்காதீர்கள், மனுவை எழுத்துமூலம் வாபஸ் வாங்குங்கள், நடந்ததை விளக்கி, சரியான காரணத்தோடு புதிதாகப் போடுங்கள் என்றார் அவர். இது எங்கள் வழக்குக்குச் சொன்னது. உங்களுடையது வேறாக இருக்கலாம்.

பிப்ரவரியில் நானே நிரப்பினேன். பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கைப் படிவம் நிரப்புவதைவிடச் சுலபம். ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் அம்மாவிடம் கேட்டு எழுதினேன். மொழிபெயர்த்தவர், தயாரித்தவர் இரண்டு இடத்திலும் என் பெயர், என் கையெழுத்து. பாஸ்போர்ட் நகல், விசாப் பக்க நகல், பிறப்புச் சான்றிதழ் நகல், இவை மூன்றிலும் ஜூலை 4 என்று வட்டமிட்டு அரைப்பக்கக் கடிதம். தப்பான மூல அட்டை. அதை அனுப்பும் முன் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து வைத்தேன். கைப்பேசிக்குத் தகவல் வர ஜி-1145 என்று ஒரு பக்கப் படிவம் இருக்கிறது, அதையும் மேலே வைத்தேன். அதுவும் இலவசம். ரசீது எண் பத்தே நாளில் குறுஞ்செய்தியாக வந்தது. கட்டணம் எதுவும் கேட்கவில்லை.

சரியான கார்டு ஆகஸ்ட் மாதம் வந்தது. விசா முத்திரையின் ஓராண்டு முடிய ஒரு மாதம்தான் பாக்கி. அது தாண்டியிருந்தால் போன் செய்து நேரம் வாங்கி, பாஸ்போர்ட்டில் இன்னொரு தற்காலிக முத்திரை போட்டுக்கொள்ள அலைந்திருக்க வேண்டும். இந்த முறை உறையைப் பிரித்த கையோடு பாஸ்போர்ட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பார்த்தேன்.

அதில் ஒரு இடத்தில் நானே பதறினேன், அதனால் சொல்கிறேன். பிறந்த தேதியில் மாதம் எழுத்தில் இருக்கும், குழப்பம் இல்லை. ஆனால் எந்த நாளிலிருந்து நிரந்தரவாசி என்ற தேதியும் காலாவதித் தேதியும் மாதம், நாள், வருஷம் என்ற வரிசையில் வெறும் எண்ணாக இருக்கும். நம் கண்ணுக்கு அது தலைகீழாகத் தெரியும், அது பிழை இல்லை. விசாவில் வந்தவர்களுக்கு அந்த முதல் தேதி நாட்டுக்குள் நுழைந்த நாளாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட் முத்திரையோடு ஒப்பிடுங்கள். பிற்காலத்தில் குடியுரிமைக்கு ஐந்து வருஷம் எண்ணுவது அங்கிருந்துதான். அது தப்பாக இருந்தாலும் இதே வழிதான்.

நம் ஆட்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் தோராயமாக ஜூன் 1 என்று போட்ட தேதிதான் எத்தனை பெற்றோரின் பாஸ்போர்ட்டில் இருக்கிறது! கார்டில் பாஸ்போர்ட்படி ஜூன் 1 வந்திருந்தால், நிஜத்தில் ஐப்பசியில் பிறந்திருந்தாலும் அது அச்சிட்டவர் தப்பு இல்லை. நாம் கொடுத்ததைத்தான் போட்டிருக்கிறார்கள். அதை இலவசப் பட்டியலில் சேர்த்து அனுப்பாதீர்கள்.

நான் ரசீது எண்ணைக் கண்டுபிடித்த வழி இப்போது அடைபட்டுவிட்டது. 2025 அக்டோபர் கடைசியிலிருந்து குடிவரவுத் துறை காகிதக் காசோலை வாங்குவதில்லை, கிரெடிட், டெபிட் கார்டோ வங்கிக் கணக்குப் பற்றோதான். அதனால் யாரிடம் கொடுத்தாலும் அனுப்பிய முழுப் படிவத்தின் நகல் அன்றைக்கே கையில் இருக்கட்டும், தபால் முகவரி உங்களுடையதாக இருக்கட்டும். இணையத்தில் போடுவதானால் கணக்கு உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும். தேடும்போது மேலே வரும் தளங்கள் எல்லாம் அரசாங்கத் தளம் இல்லை. டாட் கவ் என்று முடிகிறதா பாருங்கள்.

465 திரும்பி வரவில்லை, கட்டிய கட்டணத்தை அவர்கள் தருவதில்லை. 350க்கு அந்த மனிதர் 100 டாலர் தருவதாகவும், கோவில் பக்கம் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார். வாங்கவில்லை. அம்மாவுக்கு அதில் வருத்தம்தான். "நூறாச்சும் வாங்கிட்டுத் திட்டியிருக்கலாம்டா" என்றார். மாநில நுகர்வோர் விவகாரப் பிரிவில் புகார் எழுதியிருக்கிறேன். பெயரில்லாத துண்டுச்சீட்டு, காலியான கையெழுத்துப் பகுதி, அவர் முகவரி போட்ட படிவம் மூன்றையும் இணைத்தேன். புகார் கிடைத்தது என்று பதில் வந்திருக்கிறது. அதற்கு மேல் இன்னும் ஒன்றும் இல்லை. போன வாரம் அந்தப் பக்கம் அரிசி வாங்கப் போனபோது மாடியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, படிக்கட்டில் வயதான ஒரு தம்பதி ஏறிக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டு நிறுத்தி இதையெல்லாம் படிக்கட்டிலேயே நின்று சொன்னேன். நம்பினார்களா தெரியவில்லை, திரும்பிக் கீழே இறங்கிப் போனார்கள்.